சிறைக்குள் இருந்த நண்பனின் கால் காயம்: ஆறு மாதத்தில் நாங்கள் பயன்படுத்திய சேவைகள் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறைக்குள் இருக்கிற உங்கள் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் முதல் வேலையாக இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்கு போன் போடுங்கள், பணம் திரட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். பணத்துக்காக ஓடியதில் ஏழு வாரம் போனது, அந்த ஏழு வாரத்தில் என் நண்பனின் இடது கால் சுண்டுவிரலும் போனது. இதே நிலைமையில் இப்போது யாராவது ராத்திரி உட்கார்ந்து போனில் தேடிக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித் தேடினேன், தமிழில் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நாங்கள் பயன்படுத்திய ஒவ்வொன்றையும் பற்றி எழுதுகிறேன்.

வழக்கு இன்னும் நடக்கிறது. வழக்கு நடக்கும் ஊர், சிறை, மருத்துவமனை, இணையதளம், வங்கி எதன் பெயரும் இதில் வராது. கேட்காதீர்கள்.

அவனும் நானும் பேராவூரணிப் பக்கம் ஒரே பள்ளிக்கூடம். அவன் பிழைப்புக்காக வேறு ஊர் போய் இருபது வருடமாக லேத் பட்டறையில் வேலை. வயது 43, பதினோரு வருடமாகச் சர்க்கரை, கடைசி நாலு வருடமாகக் காலையும் மாலையும் இன்சுலின். அவன் தெருவில் நடந்த ஓர் அடிதடியில் ஏழு பேர் மேல் கொலை முயற்சி வழக்குப் போட்டார்கள், இவன் ஐந்தாவது ஆள். அவன் செய்தானா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். செய்திருந்தாலும் இன்சுலின் இன்சுலின்தானே.

பிரச்சினை எங்கே தொடங்கியது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் இது தோன்றாது. 30/70 கலவை இன்சுலின் போட்டால் அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும், சர்க்கரைக்காரர் இருக்கும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சிறையில் ராத்திரிச் சாப்பாட்டைச் சாயங்காலமே கொடுத்துவிட்டு ஆறு மணி வாக்கில் அறையைப் பூட்டிவிடுவார்கள். ஊசி போடுவது சிறை மருத்துவமனையில், கம்பவுண்டர் இருக்கும் நேரத்தில், நாலு நாலரைக்கு. உடனே சாப்பிட்டுவிட்டால் மறுநாள் காலை வரை வயிற்றுக்கு ஒன்றும் கிடையாது, நடுராத்திரியில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும். சாப்பாட்டை எடுத்து வைத்து எட்டு மணிக்குச் சாப்பிட்டால் ஊசிக்கும் சோற்றுக்கும் நடுவே நாலு மணி நேரம். இரண்டு தடவை மயங்கி விழுந்த பிறகு அவனே ஒரு முடிவெடுத்துச் சாயங்கால ஊசியை விட்டுவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது, அந்த நேரம் பார்த்து ரப்பர் செருப்பின் வார் உரசி சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம். காலில் உணர்ச்சி குறைந்தவனுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

அதைக் கண்டுபிடித்தது அவன் மனைவி, நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். சிறையில் போய் ஆளைப் பார்ப்பதை அங்கே எல்லாரும் 'மனு பார்க்கிறது' என்றுதான் சொல்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாம், நடுவில் ஒரு போன், சுற்றி இருபது பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தில் பேச்சு பாதிதான் கேட்கும். தங்கச்சி வெளியே வந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, அவரு ஒரு கால ஊணவே மாட்டேங்குறாரு."

அன்றைக்கு ராத்திரியே நாங்கள் இணையத்தில் பணம் திரட்டும் தளத்துக்குப் போனோம். அதுதான் தப்பு.

அந்தத் தளத்தைப் பற்றி. மருத்துவச் செலவுக்கு என்று எங்கு பார்த்தாலும் விளம்பரம் வருகிற பெரிய தளங்களில் ஒன்று. பதிவு செய்த ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் அழைத்தார், நல்ல தமிழில் பொறுமையாகப் பேசினார், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. கேட்டவைதான் நடக்காத காரியம்: மருத்துவமனை லெட்டர்பேடில் செலவு எஸ்டிமேட், நோயாளி படுக்கையில் இருக்கும் படம், அடையாள அட்டை. ரிமாண்டில் இருப்பவரைப் பார்க்காமல் எந்த டாக்டர் எஸ்டிமேட் எழுதுவார்? ஆளை டாக்டரிடம் அழைத்துப் போவது நம் கையில் இல்லை. படம் எடுக்கவோ வழியே கிடையாது, சிறைக்குள் செல்போன் கொண்டுபோனால் அது தனி வழக்கு. கடைசியில் அவன் முன்பு வைத்தியம் பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில் பழைய ரிப்போர்ட்டுகளைக் காட்டி, காயம் ஆழமாக இருந்தால் 3,20,000 ரூபாய் வரை ஆகலாம் என்று எழுதி வாங்கினோம். பள்ளிக்கூடப் படம் ஒன்றைப் போட்டோம், நாங்கள் இரண்டு பேரும் அரை டிராயரோடு நிற்கிற படம்.

அப்புறம் அவர்கள் சொன்னது என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. 'சிறை' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், அது இருந்தால் நன்கொடை குறையும், வெறுமனே 'உயிருக்குப் போராடும் தந்தை' என்று போடலாம் என்றார்கள். நான் கொஞ்சம் தடுமாறினேன், உண்மையைச் சொல்கிறேன். தங்கச்சிதான் முடியாது என்றது. "மறைச்சு வாங்குன காசுல அவரு கால் ஆற வேணாம்ண்ணே." சரி என்று உள்ளதை உள்ளபடி எழுதினோம்.

19 நாளில் 74,300 ரூபாய் வந்தது. இருபதாவது நாள் பக்கத்தை நிறுத்திவிட்டார்கள். நோயாளி காவலில் இருப்பதால் சரிபார்க்க முடியவில்லையாம். முதல் நாளே முதல் வரியிலேயே நாங்கள் எழுதிக் கொடுத்தது அது. பணத்தை மருத்துவமனைக் கணக்குக்கு மட்டும்தான் அனுப்புவோம், எங்கள் கையில் தர மாட்டோம் என்றார்கள், அது நியாயமான விதிதான், ஆனால் கைதியை அழைத்துப் போவது அரசு மருத்துவமனைக்கு, அங்கே பில்லே கிடையாது. ஐந்து வாரம் கழித்துப் பணம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போனது. அதிலும் ஒரு வருத்தம். பணம் கட்டும் பக்கத்தில் தளத்துக்கு 'டிப்ஸ்' என்று ஒரு தொகை முன்கூட்டியே டிக் ஆகி இருக்கிறது, நாமாகப் பார்த்து எடுத்தால்தான் போகும். எங்கள் எட்டாம் வகுப்பு டீச்சர், பென்ஷன் வாங்குகிறவர், 1,000 ரூபாய் போட்டதாக நினைத்து 1,180 போட்டிருக்கிறார். திரும்பி வந்தது ஆயிரம்தான். டீச்சர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் அந்த 180-ஐக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தனியார் மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒரு குழந்தைக்கு இந்தத் தளம் உதவும், என் அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டில் உதவியிருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு இது பொருந்தாது. என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று.

இதற்கிடையில் ஊரில் பெரியவர்கள் வேறு ஒன்று சொன்னார்கள். ஆடி மாதம் பிறந்திருந்தது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி என்றால் மொய் விருந்து. கறிச்சோறு போட்டு, நோட்டு வைத்து மொய் எழுதுவார்கள், ஒரே நாளில் லட்சக்கணக்கில் சேரும். கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்து 2018-க்குப் பிறகு முன்பு மாதிரி இல்லை என்றாலும் இன்னும் நடக்கிறது. அவன் பேரில் ஒரு விருந்து போட்டுவிடலாம், நாலு லட்சம் சுலபமாக வரும் என்றார் அவன் பெரியப்பா. மொய் என்பது கொடுத்தவருக்குத் திருப்பி எழுத வேண்டிய கடன், வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அவன் எப்போது வெளியே வருவான், பழையபடி லேத்தில் நிற்க முடியுமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் நானூறு பேருக்கான கடனைத் தங்கச்சி தலையில் ஏற்ற முடியாது. வேண்டாம் என்று அதுவே சொல்லிவிட்டது. பெரியப்பாவுக்குக் கோபம். ஆனால் அந்தக் கோபத்தோடே 10,000 ரூபாயை உறையில் போட்டு, 'இது மொய் இல்லை' என்று மேலே எழுதிக் கொடுத்தார்.

அடுத்து வாட்ஸ்அப்பில் பழைய மாணவர் குழுவில் ஜிபே வழியாகத் திரட்டினோம். 214 பேர், பெரியப்பா உறையும் சேர்த்து மொத்தம் 1,61,850 ரூபாய். இதைப் பற்றி நடைமுறை விஷயம் சிலது சொல்கிறேன், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்று, திடீரென்று ஒரு கணக்கில் நூறு நூற்றைம்பது பேரிடமிருந்து சின்னச் சின்னத் தொகை வந்தால் வங்கிக்குச் சந்தேகம் வரும். தங்கச்சி கணக்கை 9 நாள் நிறுத்தி வைத்தார்கள். முன்கூட்டியே கிளை மேலாளரிடம் எதற்காக வருகிறது என்று கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது. இரண்டு, வருமான வரி. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது முழுதும் வாங்கியவரின் வருமானமாகக் கணக்கில் சேரும் என்று எங்கள் ஆடிட்டர் சொன்னார். தங்கச்சிக்கு வேறு பெரிய வருமானம் இல்லாததால் வரி வரவில்லை, ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார்கள், எதற்குச் செலவானது என்று நோட்டு வைக்கச் சொன்னார். மூன்று, வெளிநாடு. துபாயில் இருக்கிற நண்பர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பதால் வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) கேள்வி எழலாம், வாங்காதீர்கள் என்றார். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவனிடம் அதனால் வேண்டாம் என்று சொன்னோம். அவன் தன் தம்பி வழியாகக் கொடுக்கிறேன் என்றதையும் மறுத்தோம். வழக்கு நடக்கும் வீட்டில் இன்னொரு வழக்குக்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வரவு செலவைக் குழுவில் போட்டோம், ஆட்டோ காசு உட்பட. ஜெயிலுக்குப் போனவனுக்கு எதற்குக் காசு என்று இரண்டு பேர் எழுதிவிட்டுக் குழுவை விட்டுப் போனார்கள். அதே வாரம் பெயர் தெரியாத ஓர் எண்ணிலிருந்து 200 ரூபாய் வந்தது, 'நானும் உள்ள இருந்தவன், கால பாத்துக்க சொல்லுங்க' என்று ஒரு வரி.

இவ்வளவும் செய்தோம், காயம் அங்கேயே இருந்தது. பணம் வெளியே, ஆள் உள்ளே. நாங்கள் வைத்திருந்த வக்கீல் 40,000 ரூபாய் பேசியிருந்தார், 25,000 கொடுத்தாகிவிட்டது. ஜாமீன் கிடைத்தால் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அவர் பதில். இரண்டு தடவை மனு தள்ளுபடி. 84-ஆவது நாளில் குற்றப்பத்திரிகை போட்டுவிட்டதால், 90 நாளில் அதைப் போடாவிட்டால் ஜாமீனில் வெளியே வருகிற வழியும் அடைந்தது. முதல் தடவை உள்ளே போனவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் விடலாம் என்று புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 479-ஆவது பிரிவு இருக்கிறதே என்று கேட்டேன். எங்கள் வழக்கில் ஆயுள் தண்டனை வரை வர வாய்ப்பு உண்டு, அந்த மாதிரி வழக்குகளுக்கு அது பொருந்தாதாம்.

வழி காட்டியது சிறை வாசலுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்காரர். மனு பார்க்க வருகிறவர்களின் போனையும் பையையும் வாங்கி, டோக்கன் கொடுத்து, பத்து ரூபாய்க்குப் பத்திரமாக வைத்திருப்பவர் அவர்தான். மழையில் நின்றால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார், டீயும் நன்றாக இருக்கும். அவருக்கு ஐந்துக்கு ஐந்து. "காசுக்கு ஏன் அல்லாடுறீங்க? 15100-க்கு அடிங்க, உள்ளாற வக்கீல் வருவாங்க" என்றார்.

இலவச சட்ட உதவி என்றால் ரேஷன் கார்டு, வருமானச் சான்று கேட்பார்கள், வேலைக்கு ஆகாது என்று நான் நினைத்திருந்தேன். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இல் 12-ஆவது பிரிவு காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வக்கீல் உரிமை தருகிறது, அவர் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. போன் போட்டோம், மாவட்டச் சட்டப் பணிகள் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். ஒரு பக்க மனு எழுதிக் கொடுத்தோம். நாலாவது நாள் ஒரு பெண் வக்கீல் சிறைக்குள் போய் அவனைப் பார்த்தார். மேடத்துக்கு வயது முப்பதுகூட இருக்காது. அதுவரை யாரும் கேட்காததை அவர் கேட்டார்: எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எந்தத் தேதியில் மயக்கம், எந்தத் தேதியில் டாக்டரிடம் சொன்னாய். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி, அவன் கையெழுத்தில் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுத வைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினார். மூன்று மாதமாக அவன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் தாளில் ஏறியது. அதன் நகலை வைத்துத்தான் நீதிமன்றத்தில் ஜாமீன் கேட்காமல், அரசு மருத்துவமனையில் காட்டி மருத்துவ அறிக்கை தாக்கல் செய்ய உத்தரவிடுங்கள் என்று தனி மனு போட்டார்.

ரிமாண்ட் நீட்டிப்புக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வீடியோவில் நீதிபதி முன் நிறுத்துவார்கள். அரை நிமிடத்தில் முடிந்துவிடும், அடுத்த வாய்தா தேதி சொல்வார்கள், அவ்வளவுதான். இந்தத் தடவை மேடம் அவனிடம் சொல்லி வைத்திருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் அவன் "ஐயா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கட்டைப் பிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி கேமரா முன்னால் காட்டினான். நான் நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சுண்டுவிரல் கருத்துப் போயிருந்தது. நீதிபதி கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் மூன்று நாளில் அறிக்கை வேண்டும் என்றார்.

அதற்கு முன்னால் இரண்டு தடவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகத் தேதி போட்டு இரண்டு தடவையும் வழிக்காவலுக்கு, அதாவது கூடவே போகிற போலீசுக்கு, ஆள் இல்லை என்று ரத்தாகியிருந்தது. உத்தரவு வந்த மறுநாளே வழிக்காவலுக்கு ஆள் வந்தது.

அரசு மருத்துவமனையின் கைதிகள் வார்டு பற்றி நான் பயந்திருந்த அளவுக்கு இல்லை. அறுவை சிகிச்சை டாக்டர் விரலை எடுத்தார், செத்த சதையைச் சுத்தம் செய்தார், இன்னும் பத்து நாள் ஆகியிருந்தால் பாதத்துக்கு ஏறியிருக்கும் என்றார். 16 நாள் வார்டில். கழிப்பறை மோசம், கொசு, வாசலில் காவலர் மாறும்போதெல்லாம் அனுமதிச் சீட்டை முதலிலிருந்து காட்ட வேண்டும். ஆனால் டிரஸ்ஸிங் ஒருநாள் தவறவில்லை. ஒரு சிஸ்டர், வயதானவர், அவனை ஒரு தடவைகூட 'கைதி' என்று சொன்னதில்லை, தம்பி என்றுதான் கூப்பிடுவார். வைத்தியத்துக்கு எங்களுக்கு ஆன செலவு ஒரு ரூபாய் இல்லை. 3,20,000 என்று நாங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வைத்தியம் இது. ஐந்துக்கு நாலு.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரிடம் தாள் கேட்டு வாங்கச் சொன்னதும் மேடம்தான். சாயங்கால ஊசி ஆறரைக்கு, உடனே உணவு, படுக்கும்போது ரொட்டியோ பிஸ்கெட்டோ, வாரம் இரண்டு தடவை சர்க்கரைப் பரிசோதனை, சர்க்கரைக் காலுக்கான எம்.சி.ஆர். செருப்பு, எல்லாம் எழுத்தில். அந்த ஒரு தாளை வைத்து அவனைச் சிறை மருத்துவமனையிலேயே உள்நோயாளியாக வைத்தார்கள், ஊசியும் சோறும் ஒரே நேரத்துக்கு வந்தன. நான் சிறை மருத்துவர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 2016-ஆம் வருட மாதிரிச் சிறைக் கையேடு 300 பேருக்கு ஒரு டாக்டராவது வேண்டும் என்கிறது. அங்கே அவர் அதைவிட எத்தனையோ பேரைப் பார்க்கிறார் என்பது வரிசையைப் பார்த்தாலே தெரியும். தாள் இருந்தால் அவருக்கும் செய்வதற்கு ஒரு பிடி கிடைக்கிறது.

செருப்புக்கு மட்டும் தனியாக ஒரு போராட்டம். சர்க்கரைக் காலுக்கு உள்ளே மெத்தென்று இருக்கிற எம்.சி.ஆர். செருப்பு, ஒரு ஜோடி 750 ரூபாய், கடையில் கால் அளவை அட்டையில் வரைந்து கொடுத்தால் விரல் இல்லாத பக்கம் பஞ்சு வைத்துத் தைத்துத் தருகிறார்கள். வாசலில் வாங்க மறுத்துவிட்டார்கள், வெளிச் செருப்புக்கு அனுமதி இல்லையாம். டாக்டர் சீட்டைக் காட்டினோம், மேலே கேட்க வேண்டும் என்றார்கள். அந்தச் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு பதினோரு நாள் அலைந்தோம். அப்போதெல்லாம் எனக்கு ஸ்டேன் சுவாமி நினைவுதான். நம் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த பாதிரியார், பழங்குடியினருக்காகப் பாடுபட்டவர், 83 வயதில் 2020 அக்டோபரில் கைதானார், பார்க்கின்சன் நோயில் கை நடுங்கி டம்ளர் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கிற ஒரு கோப்பையும் ஸ்ட்ராவும் கேட்டு நவம்பரில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தது. பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்டார்கள். அடுத்த ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே மும்பையில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனார். ஒரு கோப்பைக்கு அவ்வளவு என்றால் ஒரு செருப்புக்கு இவ்வளவு ஆகத்தானே செய்யும் என்று நான் சொன்னபோது தங்கச்சி அழுதுவிட்டது, சொல்லியிருக்கக் கூடாது. கடைசியில் செருப்பும் மனுவாகத்தான் போனது. உத்தரவு வந்தது, உள்ளே போனது.

மூன்றாவது ஜாமீன் மனுவைப் பழைய வக்கீலிடம் தரவில்லை. அவருக்குப் பாக்கி 15,000 கொடுத்துக் கணக்கை முடித்து, வக்காலத்தை மாற்றிச் சட்ட உதவி வழியாகவே போட்டோம். நோயாளியோ உடல் நலிந்தவரோ என்றால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அதே புதுச் சட்டத்தின் 480-ஆவது பிரிவில் இருப்பதை எடுத்துக்காட்டி, டிஸ்சார்ஜ் சம்மரியையும் செருப்பு வரைக்கும் நடந்த தேதிகளையும் இணைத்து, செஷன்ஸ் நீதிமன்றத்தில் 483-இன் கீழ் மேடம் போட்டார். கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர், சொத்து வரி ரசீது, ஆதார், விஏஓ சான்று என்று இன்னும் ஆறு நாள் ஆனது. உத்தரவு வந்து ஏழு நாளுக்குள் ஆளை விடவில்லை என்றால் சிறையே சட்டப் பணிகள் அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு மத்திய அரசுத் திட்டத்தில் பண உதவி உண்டு, அதுவும் மாவட்ட அளவில் இதே வழியாகத்தான் கேட்க வேண்டும். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

சட்ட உதவிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கவே ஆசை. அலுவலகத்தில் இரண்டு தடவை பகல் முழுக்கக் காக்க வைத்தார்கள், போனில் முதலில் எடுத்தவர் இந்தியில் பேசினார், தமிழ் பேசுகிறவருக்கு மாற்ற ஏழெட்டு நிமிடம் ஆனது. நாலரை. மேடத்துக்கு மட்டும் என்றால் நான் நட்சத்திரமே எண்ண மாட்டேன். ஒரு கிலோ திராட்சைகூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

பணம் எங்கே போனது என்று குழுவில் போட்ட கணக்கை இங்கேயும் போடுகிறேன், திரட்டப் போகிறவர்களுக்கு உதவும். வக்கீல் பாக்கி 15,000. நாலு மாத வீட்டு வாடகை 26,000. பிள்ளைகள் இருவரின் பள்ளிக் கட்டணம் 31,000. மனு பார்க்கவும் நீதிமன்றத்துக்கும் போக்குவரத்து 22,400. ஜாமீன் காகிதச் செலவு 4,200. வெளியே வந்த பிறகு கட்டுப்போடும் சாமான், மருந்து 18,700. செருப்பு இரண்டு ஜோடி 1,500. மொத்தம் 1,18,800. பாருங்கள், சிகிச்சைக்கு என்று கேட்ட பணத்தில் சிகிச்சைக்குப் போனது கடைசியில் கொஞ்சம்தான், பெரும்பகுதி வீட்டைத் தாங்கவும் போக்குவரத்துக்கும் போனது. சம்பாதிக்கிற ஆள் உள்ளே போனால் வாடகையும் பள்ளிக்கூடமும்தான் முதலில் கழுத்தைப் பிடிக்கும். திரட்டும்போதே 'குடும்பத்துக்கும் சேர்த்து' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாததால் ஒவ்வொரு செலவுக்கும் முன்னால் குழுவில் கேட்டுத்தான் செய்தோம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மீதி 43,050. அவன் இப்போது உட்கார்ந்து செய்யும் வேலையாகப் பட்டறையில் அளவு பார்க்கிறான், பழைய கூலியில் பாதி. முழுதாக நிற்கும் வரை வீட்டுக்கு என்று 30,000 வைத்தோம். 13,050-ஐ என்ன செய்வது என்று குழுவில் கேட்டபோது, டீக்கடையில் நான் அடிக்கடி பார்க்கும் ஓர் அம்மாவைப் பற்றி எழுதினேன். மகனுக்கு வலிப்பு. வெளியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை உள்ளே கிடைக்கவில்லை, வேறு மாத்திரை கொடுக்கிறார்கள், அதில் நிற்கவில்லை. கம்மலை விற்று ஒரு வக்கீலுக்கு முன்பணம் தரக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வேணாம்மா, கொஞ்சம் இருங்க" என்று சொல்லி, கடை பெஞ்சில் உட்கார்ந்து அவருக்காக நானே 15100-க்குப் போட்டேன். பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள், மூன்று நகல் எடுங்கள் என்றேன். சீட்டு ஊரில் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். பஸ்ஸுக்குக் காசு கொடுத்தனுப்பினோம். மேடம் திங்கட்கிழமை உள்ளே போய் அந்தப் பையனைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.